மட்டாஞ்சேரிக்குக் கைடு வேண்டும், கடற்கரைக்கு வேண்டாம்: கொச்சியில் ஒரு பகலைத் திட்டமிடுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கொச்சியைப் பார்க்க ஒரே ஒரு பகல் வைத்திருக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம். தாத்தா, பாட்டி, அவர்களுடைய மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி, எட்டு வயதுப் பேரன். எர்ணாகுளத்தில் தங்கல். பாட்டிக்கு முழங்கால் வலி; தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. எல்லோருக்கும் தாய்மொழி தமிழ். மலையாளம் நிதானமாகப் பேசினால் பெரும்பகுதி புரியும். தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குப் போகும் குடும்பங்களின் வழக்கமான அமைப்பை வைத்து வரைந்த மாதிரி இது.

வீட்டில் இரண்டு கட்சி. கைடு இல்லாமல் போனால் பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், ஒன்றும் விளங்காது என்பது தாத்தாவின் வாதம். பாஷை புரிகிறது, போனில் வரைபடம் இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்பது மகனின் வாதம். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பது ஊரின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொச்சிக்குக் கைடு வேண்டுமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஃபோர்ட் கொச்சிக்கு வேண்டுமா, மட்டாஞ்சேரிக்கு வேண்டுமா என்று பிரித்துக் கேட்டால் பதில் உடனே கிடைத்துவிடும்.

எடுத்த முடிவு இது: காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை மட்டாஞ்சேரிக்கு மட்டும் அரைநாள் கைடு. ஃபோர்ட் கொச்சியைக் காலையிலும் மாலையிலும் குடும்பமே பார்த்துக்கொள்ளும். ஏன் இப்படி, எப்படி ஏற்பாடு செய்வது, எங்கே பிசகும் என்பதெல்லாம் கீழே.

கைடுக்கு முன்னால் கிழமை

குடும்பம் முதலில் குறித்திருந்தது வெள்ளிக்கிழமை. அதை மாற்றியதுதான் இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய லாபம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பரதேசி யூதர் தொழுகைக்கூடம் சனிக்கிழமை கிடையாது. வெள்ளி பிற்பகலிலேயே ஓய்வுநாளின் ஆயத்தம் தொடங்கிவிடுவதால் அந்த நாளையும் நம்ப முடியாது. யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆக, மூன்றையும் ஒரே பகலில் நிம்மதியாகப் பார்க்க ஏற்றவை திங்கள் முதல் வியாழன் வரை. எத்தனை தேர்ந்த கைடாக இருந்தாலும் பூட்டிய கதவைத் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குக் கைடு பேசிக்கொண்டு, அரண்மனை வாசலில் நின்று அதன் வரலாற்றைக் கேட்டுவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. பதிவு செய்யும்போதே “வெள்ளி வேண்டாம், வியாழன் வாருங்கள்” என்று சொல்கிற கைடுதான் வேலை தெரிந்தவர்.

வாரநாளிலும் தொழுகைக்கூடத்துக்கு மதிய இடைவேளை உண்டு. வழக்கமாகக் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை. நேரம் மாறக்கூடியது என்பதால் முந்தின நாள் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த இடைவேளைதான் அன்றைய வரிசையையே தீர்மானிக்கிறது: தொழுகைக்கூடம் முதலில், இடைவேளையில்லாத அரண்மனை அதற்குப் பிறகு. பல வண்டிகள் இதைத் தலைகீழாகச் செய்து, 12.50-க்குத் தொழுகைக்கூடத்தின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

ஃபோர்ட் கொச்சி: கண்ணே போதும்

சீன வலைகளிலிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம், அங்கிருந்து சாந்தா குரூஸ் பசிலிக்கா, இடையில் பரேட் மைதானமும் பிரின்சஸ் தெருவும். இவை ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து சில நிமிட நடை. முக்கியமான கட்டடங்களில் பலகை உண்டு. வழி தவற இடமில்லை.

சீன வலை இயங்குவதைப் பார்த்தாலே புரியும். குறைந்தது பத்து மீட்டர் உயரத்துக்கு எழும் மரச்சட்டம். அதன் ஒரு முனையில் விரிந்த வலை, மறுமுனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். கற்களின் எடையும் வலைப்பக்கத்து எடையும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால், பிரதான மரத்தின் மேல் ஒரு ஆள் நடந்து போனாலே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. தூக்கும்போது ஆறு பேர் வரை சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் நெம்புகோல் படித்த பேத்தி தன் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம். கைடு சொல்வதைவிட அது நன்றாகவே பதியும். கடல்நீர் ஏறும் ஓத வேளையில்தான் வலைகள் மும்முரமாக இயங்கும் என்பதால், போகும் நாளின் ஓத அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

தேவாலயத்தின் கதையை நான்கு வரியில் எழுதிக்கொண்டு போனால் போதும். போர்ச்சுகீசியர் 1503-இல் இங்கே மரத்தால் எழுப்பிய ஆலயம் பிறகு கல்லால் கட்டப்பட்டது. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள்; ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் கழித்து எச்சங்களை லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றை இடித்தபோது இதை மட்டும் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று ஆட்சிகளும் இந்த ஒரே கூடத்தில் தடம் விட்டிருக்கின்றன: சுவர்களில் பதித்த கல்லறைக் கற்களில் போர்ச்சுகீசியருடையவை ஒரு பக்கம், டச்சுக்காரருடையவை எதிர்ப்பக்கம், தலைக்கு மேலே ஆங்கிலேயர் காலத்துத் துணிவிசிறிகளின் கயிறு. எழுத்து தெரியாவிட்டாலும் கற்களின் செதுக்கு வேலையே வித்தியாசம் காட்டும்.

பசிலிக்காவுக்கும் அப்படித்தான். பழைய பேராலயத்தை 1795-இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அதன் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1905 நவம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே ஓவியம் தீட்டிய இத்தாலியர் அந்தோனியோ மொஸ்கேனி, அர்ச்சிப்புக்குச் சில நாட்களுக்கு முன் இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பார்க்க யாருடைய துணையும் தேவையில்லை.

தமிழ்க் குடும்பத்துக்கு ஃபோர்ட் கொச்சியில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதைக் கைடுகள் பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ‘வெளி’ என்ற பெயருடைய பகுதியில் உள்ள டோபிகானா, அதாவது துணி வெளுக்கும் கூடம். அங்கே வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார் வழி வந்தவர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்கக் கூட்டிவரப்பட்டவர்களின் சந்ததி என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. தமிழிலேயே பேசலாம். கல்தொட்டி, காயப்போடும் கயிறு, கனமான இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் அவர்களே காட்டுவார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம் என்பதை மறக்காமல், கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். இங்கே நடுவில் ஒரு கைடு நின்றால் பேச்சு கெடும்.

மட்டாஞ்சேரி: சொல்ல ஆள் வேண்டும்

இங்கே நிலைமை வேறு. மட்டாஞ்சேரியில் முக்கியமானவை பல, வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரிபவை. மிளகுக் கிடங்குகளின் கதவுகள் மூடியிருக்கும். கொங்கணியர், குஜராத்தியர், கட்ச் பகுதி முஸ்லிம் வணிகர்களான கச்சி மேமன்கள், தமிழர்கள் எனக் கடல் வணிகத்தை ஒட்டிக் குடியேறியவர்களின் தெருக்கள் அடுத்தடுத்து வரும். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது வெளியாளுக்குப் பிடிபடாது.

கூனன் குரிசுப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள் (மலையாளத்தில் பள்ளி என்றால் இங்கே தேவாலயம்). 1653 ஜனவரி 3 அன்று சுரியானி கிறிஸ்தவர்கள் இங்கே கூடி, போர்ச்சுகீசிய மதத் தலைமைக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். கேரளச் சுரியானி கிறிஸ்தவர்களின் பிரிவுகள் பலவற்றுக்கும் வேர் அந்த நாள். பலரும் இந்தப் பள்ளியைத் தாண்டி ஆட்டோவில் போய்விடுகிறார்கள், ஏனென்றால் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

யூதர் தெருவில் நிலைமை இன்னும் கூர்மை. 1568-இல் எழுந்த தொழுகைக்கூடம் 1662-இல் போர்ச்சுகீசியர் கையில் சிதைந்தது; டச்சுக்காரர் வந்த பிறகு மீண்டும் கட்டப்பட்டது. 1760-இல் சேர்ந்தது மணிக்கூண்டு. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள். இவ்வளவும் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். கையேட்டில் கிடைக்காதது வேறு. சுவரில் பதித்திருக்கும் கொச்சங்காடித் தொழுகைக்கூடத்துக் கல்வெட்டு 1344-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது இந்தக் கட்டடத்தைவிடப் பழையது. அதைச் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும். “பரதேசி” என்று ஏன் பெயர், இவர்களுக்கு முன்பே இருந்த மலபார் யூதர்கள் யார், அவர்களுடைய கடவும்பாகம் தொழுகைக்கூடம் அதே மட்டாஞ்சேரியில் எப்படிப் பராமரிப்பின்றிக் கிடந்து 2019 மழையில் இடிந்தது என்பதைச் சொல்லவும் ஆள் வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாத கைடு, யூதர் தெருவை அழகான கடைத்தெருவாக மட்டும் காட்டிவிடுகிறார்.

யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் பார்த்த அதே எழுத்து. “அஞ்சுவண்ணம்” என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது. தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதுதான், ஆனால் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சொல்லிப் பழகிய கைடு இதை விட்டுவிடுவார். கேட்டு வாங்க வேண்டும்.

அரண்மனைக்குள் தேவை பாதிதான். போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது. டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில். உள்ளே காட்சிப் பலகைகள் நன்றாகவே இருக்கின்றன. பள்ளியறைச் சுவர்களில் தசரதனின் வேள்வி முதல் அயோத்தி திரும்புவது வரை இராமாயணம். கதை தெரிந்த தாத்தாவுக்கு உருவங்களை அடையாளம் காண்பது கடினமில்லை. கடினம் எங்கே என்றால், காட்சிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எந்த மூலையில் தொடங்கி எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது தெரியாது. அந்த ஒன்றுக்காக இருபது நிமிடம் கைடு போதும். பிறகு அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுக் குடும்பம் தன் போக்கில் மற்ற அறைகளைப் பார்க்கலாம். பாட்டி கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழவும் இது வசதி.

யார் யார் கிடைப்பார்கள்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் முதல் வகை. படத்துடன் அட்டை இருக்கும்; அதில் எண்ணும் செல்லுபடிக் காலமும் இருக்கும். கேரளச் சுற்றுலா, பயணக் கல்வி நிறுவனமான கிட்ஸ் நடத்தும் பயிற்சி முடித்தவர்கள் இரண்டாம் வகை. எர்ணாகுளம் மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் கழகத்தில் கேட்டால் இரண்டு வகையினரையும் தொடர்புகொள்ள வழி கிடைக்கும். இவர்கள் அரைநாள், முழுநாள் என்று குழுவுக்குக் கட்டணம் வாங்குபவர்கள். ஆறு பேருக்கும் ஒரே தொகை.

தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் நடைச் சுற்றுலாக்கள் மூன்றாவது. தனியாகவோ இருவராகவோ வருபவர்களுக்கு இது சிக்கனம். ஆறு பேருக்குக் கணக்குப் போட்டால் தனிக் கைடைவிடக் குறைவதில்லை. பல சமயம் கூடும். நடையின் வேகமும் பாட்டிக்கு ஒத்துவராது.

நான்காவது, ஆட்டோ டிரைவர்கள். நல்ல டிரைவருக்கு ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரியும். வெயிலில் ஒரு குடும்பத்தை இடம்விட்டு இடம் கொண்டுபோக அவரைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் அது வண்டிச் சேவை. தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களுக்குள் உரிமமில்லாதவர் கைடு வேலை செய்ய விதி இடம் கொடுக்காது. அரண்மனை வாசலோடு அவர் நின்றுவிடுவார். உள்ளேதான் சொல்ல ஆள் தேவை என்னும்போது, வெளியே மட்டும் சொல்கிறவருக்குக் கைடு கட்டணம் கொடுப்பதில் பொருளில்லை.

ஐந்தாவது, படகுத்துறையிலும் வலைகளுக்குப் பக்கத்திலும் வந்து “ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்” என்பவர்கள். மிகக் குறைந்த தொகை கேட்பார்கள், சிலர் காசே வேண்டாம் என்பார்கள். அந்தக் காசு கடைகளிலிருந்து வரும். கைவினைப் பொருள் கடைகளும் நறுமணப் பொருள் கடைகளும் ஆள் கூட்டிவருபவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் சுற்றுலா ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. கணக்கை நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்: ஒரு கடைக்கு இருபத்தைந்து நிமிடம், மூன்று கடை என்றால் எழுபத்தைந்து நிமிடம். நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. கமிஷன் பொருளின் விலையிலும் ஏறியிருக்கும்.

போனிலேயே தேர்ந்தெடுக்கலாம்

முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் பேசினால் போதும். தமிழில் பேச வேண்டும். “தமிழ் தெரியும்” என்ற சொல்லை ஏற்காமல் ஏதாவது ஓர் இடத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லச் சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து, தாத்தாவுக்குப் புரியும்படி வந்தால் சரி. ஆங்கிலத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தால் பாட்டிக்கும் பேரனுக்கும் அந்த நாள் வீண்.

பிறகு ஒரு கேள்வி: சீன வலை யார் கொண்டுவந்தது? சீனக் கப்பல்களோடு பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வந்தது என்பது ஊரில் வழங்கும் கதை. போர்ச்சுகீசியர் சீனக் கரையிலுள்ள மக்காவு துறைமுகத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. வலையின் உறுப்புகளுக்குப் போர்ச்சுகீசிய வேரிலிருந்து வந்த பெயர்கள் இருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். இரண்டையும் சொல்லி, முடிவாகத் தெரியாது என்பவர் நம்பகமானவர். குப்லாய் கானின் தூதர் இந்த ஆண்டில் இந்த இடத்தில் நட்டார் என்று அடித்துச் சொல்பவர் மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். வாஸ்கோ ட காமாவின் கல்லறையைப் பற்றிக் கேட்டாலும் இதே சோதனை நடக்கும்: எச்சங்கள் லிஸ்பனுக்குப் போனதைச் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். செப்பேடு எந்த எழுத்தில் இருக்கிறது என்ற மூன்றாவது கேள்விக்கு “வட்டெழுத்து” என்று வந்தால், அந்த ஆளை விடவே கூடாது.

ஒரே ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதைவிட நல்ல தகுதி இந்தத் தொழிலில் அரிது.

பேசி முடிப்பது

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் அன்றைக்கு வெயிலில் நின்று வாதாட நேரும். இந்தக் குடும்பம் எழுதிய செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். வியாழன் காலை 10 மணிக்கு யூதர் தெருவில் மணிக்கூண்டுக்கு எதிரே சந்திக்கிறோம். பெரியவர் 4, குழந்தைகள் 2. பிற்பகல் 2 மணி வரை. தொழுகைக்கூடம், அரண்மனை, கூனன் குரிசுப் பள்ளி, பஜார் ரோடு. கடைகளுக்குப் போக வேண்டாம். வாங்க வேண்டுமென்றால் நாங்களே சொல்கிறோம். வண்டி எங்களுடையது. நீங்களே வர வேண்டும், வேறு ஆளை அனுப்ப வேண்டாம். ஹர்த்தால் அறிவித்தால் முன்பணம் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்தக் கட்டணத்தை எழுதி அனுப்புங்கள். நுழைவுச்சீட்டு எங்கள் செலவு.”

இதில் “வேறு ஆளை அனுப்ப வேண்டாம்” என்ற வரியை யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டிய வரி அதுதான். பருவ காலத்தில் நல்ல கைடுகளுக்கு ஒரே நாளில் இரண்டு அழைப்பு வரும். பெரிய குழுவுக்கு அவர் போய்விட்டுச் சிறு குழுவுக்குத் தெரிந்தவரை அனுப்புவார். சந்திக்கும்போது அட்டையிலுள்ள படத்தைப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது. உரிமம் உள்ளவர்கள் கேட்காமலே காட்டுவார்கள்.

ஹர்த்தால் வரியும் கேரளத்துக்கு அவசியம். அறிவிப்பு முந்தின மாலைதான் வரக்கூடும். கடை, ஆட்டோ எல்லாம் நின்றுவிடும்.

அன்றைய பகல்

காலை ஏழு மணிக்கு எர்ணாகுளம் படகுத்துறை. அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகும். உயர் நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவும் உண்டு. பாட்டிக்கு வாட்டர் மெட்ரோ வசதி: படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும், ஏறி இறங்கச் சிரமமில்லை. பேரனுக்குப் பழைய படகு பிடிக்கும். போக ஒன்று, வர மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழரை முதல் எட்டரை வரை சீன வலைகள். கயிறு இழுக்க வாருங்கள் என்று மீனவர்கள் கூப்பிடுவார்கள். இழுத்த பிறகு காசு எதிர்பார்ப்பார்கள். அது அவர்களுடைய நியாயமான வருமானம். எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிட்டு இழுத்தால் இரு பக்கமும் மனக்கசப்பு வராது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ஒன்பது மணி வாக்கில் புனித பிரான்சிஸ் தேவாலயம். ஒன்பதே முக்காலுக்கு இரண்டு ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி; சுமார் மூன்று கிலோமீட்டர்.

பத்து மணிக்குத் தொழுகைக்கூடம். செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது. கூடம் சிறியது. உள்ளே நின்று கைடு விளக்கம் சொன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சல்; ஆகவே வாசலுக்கு வெளியே நிழலில் பதினைந்து நிமிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டு, உள்ளே சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். பதினொன்றேகாலுக்கு அரண்மனை, தெருக்கோடியிலிருந்து கொஞ்ச தூர நடைதான். பன்னிரண்டரைக்கு ஆட்டோவில் கூனன் குரிசுப் பள்ளி, பிறகு பஜார் ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று. சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கும் தெரு. லாரி வந்தால் ஒதுங்க இடமிருக்காது, குழந்தையின் கையை விடக் கூடாது. பாட்டி ஆட்டோவிலேயே வரலாம். இரண்டு மணிக்குக் கைடுக்குப் பணம் கொடுத்து விடை.

மதியச் சாப்பாடு, ஓய்வு. மூன்றரைக்கு டோபிகானா, நாலேகாலுக்குப் பசிலிக்கா, அதன் பிறகு கடற்கரை. 1724-ஆம் ஆண்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் வழியில் வரும். பெரும்பாலும் பூட்டியிருக்கும், கம்பிக் கதவு வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே பிசகும்

அதிகம் கெடுப்பது சொகுசுக் கப்பல். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வில்லிங்டன் தீவில் கப்பல் நின்றால், காலை பத்து மணி வாக்கில் பேருந்துகள் நேரே யூதர் தெருவுக்கு வரும். தொழுகைக்கூடத்தில் நிற்க இடமிருக்காது. அன்றைக்குக் கப்பல் உண்டா என்பது கைடுகளுக்கு முன்பே தெரியும், அதனால் முந்தின நாள் ஒரு செய்தி போட்டுக் கேட்க வேண்டும். உண்டு என்றால் வரிசையை மாற்றி அரண்மனையை முதலில் வைத்து, தொழுகைக்கூடத்துக்குப் பன்னிரண்டு மணிக்குப் போகலாம். அதற்குள் பேருந்துகள் நகர்ந்திருக்கும். ஒரு மணிக்கு மூடிவிடும் என்பதால் பன்னிரண்டுக்கு மேல் தள்ளக் கூடாது.

அடுத்தது, தகவல் மழை. ஆண்டும் பெயருமாக நான்கு மணி நேரம் கொட்டினால் எட்டு வயதுப் பையன் முதல் அரை மணியிலேயே கழன்றுவிடுவான். ஓர் இடத்துக்கு ஒரு கதை போதும் என்று கைடிடம் தொடக்கத்திலேயே சொல்லலாம். அனுபவசாலிகள் இதை வரவேற்பார்கள், அவர்களுக்கும் தொண்டை மிச்சம்.

கடை வேண்டாம் என்று எழுதி வாங்கியும் “பார்க்க மட்டும், வாங்க வேண்டாம்” என்று இழுப்பவர்கள் உண்டு. கோபப்படாமல் “நேரமில்லை, அடுத்த இடத்துக்குப் போகலாம்” என்று ஒருமுறை சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆட்டோ டிரைவரும் இப்படி இழுக்கலாம்; காத்திருப்புக் கட்டணத்தை முதலிலேயே கொஞ்சம் அதிகமாகப் பேசிவைத்திருந்தால் அது அங்கே கைகொடுக்கும். கமிஷனுக்கான ஏக்கம் அதில் குறைந்துவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் மழை. பஜார் ரோட்டு நடையைக் கைவிட்டு அந்த நேரத்தை அரண்மனைக்குக் கொடுப்பது நல்லது.

குழு மாறினால்

இதே ஊருக்குத் தனியாக வரும் கட்டடக்கலை மாணவருக்கு முடிவு வேறு. அவர் முதல் நாள் தலைக்கட்டண நடையில் சேர்ந்து ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் தனியாக நடக்கலாம். கப்பலிலிருந்து இறங்கி ஐந்து மணி நேரத்தில் திரும்ப வேண்டியவருக்கு முழு நேரமும் கைடு வேண்டும். அவர் வாங்குவது வரலாற்றை அன்று, தவறாத நேரத்தை. நான்கைந்து நாள் தங்குபவருக்குக் கைடே வேண்டாம், மட்டாஞ்சேரியில் ஒரு காலை தவிர. கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களில் ஃபோர்ட் கொச்சியே வேறு ஊராகிவிடும். அப்போது ஆஸ்பின்வால் மாளிகை உள்ளிட்ட கலைக்கூடங்களுக்குத் தனி நாள் ஒதுக்கி, இந்தத் திட்டத்தோடு கலக்காமல் இருப்பதே சரி.

பள்ளிப் பிள்ளைகளை நாற்பது பேராகக் கூட்டிவரும் ஆசிரியர்கள் ஒரே கைடை வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். பின்னால் நிற்கும் முப்பது பேருக்கு ஒன்றும் கேட்காது. இருபது பேருக்கு ஒருவர் என்று இரண்டு பேரை வைத்து, ஒரு பாதி தொழுகைக்கூடத்திலும் மறுபாதி அரண்மனையிலும் தொடங்கி இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கைடு வராமல் போனால்

முன்பணத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் இது அரிது. அப்படியும் நடந்தால் பத்தேகால் வரை காத்திருந்து, ஒருமுறை அழைத்துவிட்டு, உள்ளே போய்விடுங்கள். தொழுகைக்கூடத்தைத் தள்ளிப்போட்டால் ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். மேலே சொன்ன ஆண்டுகளையும் 1344 கல்வெட்டையும் பேத்தியின் நோட்டில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால், கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்று அங்குள்ள பணியாளரிடம் அவளே கேட்டுக்கொள்வாள். கூனன் குரிசுப் பள்ளியின் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். மிச்சமான கட்டணத்தில் அடுத்த நாள் காலை வேறொரு கைடைப் பேச முடிந்தால், பஜார் ரோட்டுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கேளுங்கள். அரைநாள் கட்டணமே கேட்டாலும் கொடுக்கத் தகுந்த இடம் அது ஒன்றுதான்.